வெல்வெட் உறை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போன சித்திரையில் மயக்கம் வர ஆரம்பித்தது.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காலையில் சமர்த்தாக வேலை செய்யும். பகல் இரண்டு மணி சுமாருக்கு அதன் வயிற்றுக்குள்ளிருந்து மாவு மில் ஓடுவது போல் ஓர் இரைச்சல் கிளம்பும். இரண்டரைக்கு, நான் தட்டிய எழுத்து திரையில் வந்து சேருவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். கால் மணி கழித்து எழுப்பினால் எழுந்திருக்கும். பத்து நிமிஷத்தில் மறுபடி படுத்துவிடும்.

பத்திரிகையில் உத்தியோகம் பார்க்கிறவளுக்கு இது எத்தனை சங்கடம் என்று சொல்ல வேண்டுமா? எங்கள் காரியாலயம் சென்னையில். இவருக்கு வேலை ஒரகடத்தில், கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில், ஒரகடம் போகும் சாலையை ஒட்டி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே எழுதி அனுப்ப ஆசிரியர் பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தார். அப்படி ஒரு நாள், முக்கால்வாசி முடித்திருந்த கட்டுரை மயக்கத்தோடு மயக்கமாகப் போய்ச் சேர்ந்தது. போனில் ஆசிரியரிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் மயக்கம் போட்டு விழுந்தது என்ற சாக்கை இதுவரை தொடர்கதை எழுதுகிறவர்கள்கூடச் சொன்னதில்லை, அம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. அந்த அனுமதி போனால் போக வர தினம் நாலு மணி நேரம்; இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையனை எழுபது வயது மாமியார் தலையில் கட்டிவிட்டு எத்தனை நாள் ஓட முடியும்?

வெட்கக்கேடு என்னவென்றால், இது கம்ப்யூட்டர் பிறக்கிற ஊர். 2007-ல் டெல் நிறுவனம் இங்கேதான் தொழிற்சாலை வைத்துத் தயாரிக்கத் தொடங்கியது. பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு கொழுக்கட்டைக்கு அலைந்த கதைதான் எங்கள் கதை.

முதலில் ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்தார், ஒரு டார்ச் அடித்தார், "ஃபேன் வீக் மேடம்" என்றார். முன் பக்கம் புதிதாக ஒரு விசிறி மாட்டி, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மூன்று மணி வரை காத்திராமல் இரண்டே காலுக்கே மயக்கம் வந்தது.

அடுத்து இவருடைய வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே மேஜை விசிறியைத் திருப்பி வைத்தார். குளிர்ந்தது என்னவோ வாஸ்தவம். பொய் சொல்லக் கூடாது. நாலு நாள் நிம்மதியாக எழுதினேன். ஆனால் எங்கள் சாலையில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரி, டிப்பர் லாரி. காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் கோலம் போடலாம். அந்தப் புழுதி முழுவதையும் மேஜை விசிறி சிரத்தையாகப் பெட்டிக்குள் கொண்டு சேர்த்தது. ஐந்தாம் நாள் பழையபடி மாவு மில்.

சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை நினைவுக்கு வந்தது. செருப்பை வாசலில் விட வேண்டும். ஹெட்மாஸ்டர் அறைக்குக்கூட இல்லாத ஏ.ஸி. அந்த அறைக்கு உண்டு. சாமி சந்நிதிக்குப் போவது போல் வரிசையாகப் போவோம். பயபக்தி காட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். உஷ்ணத்துக்கும் தூசிக்கும் பயந்துதான் அத்தனையும் என்று இப்போதுதான் புரிகிறது. 1946-ல் அமெரிக்காவில் காட்டிய 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரில் சுமார் பதினெட்டாயிரம் வால்வுகளாம். அந்தச் சூட்டை வெளியேற்றவே தனியாகப் பெரிய காற்றாடிகள் வைத்திருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் வந்த ஐ.பி.எம். யந்திரத்துக்குப் பெரிய அறை, குளிர்சாதனம் எல்லாம் இருந்தன. அதைவிடப் பல மடங்கு கெட்டிக்கார யந்திரம் இன்று நம் வீட்டு அலமாரிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. உருவம் சிறுத்ததே தவிர, உஷ்ணம் விட்டுப் போகவில்லை.

அலமாரி என்றேன் அல்லவா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கூடத்துச் சுவரலமாரியின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் மரம் அடைத்த இடத்தில்தான் எங்கள் பெட்டி வாசம். போதாததற்கு அதன்மேல் ஓர் உறை. மெரூன் வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை லேஸ், ஸ்விட்சுக்கு மட்டும் மூக்குத்தி போல ஒரு துவாரம். என் மாமியார் கைவேலை.

பையன் பிறந்து நாலு வருஷம் கழித்து நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் வாங்கினோம். எட்டாவதோடு தம்மைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டதை அத்தை இன்றைக்கும் சொல்லுவார். வாங்கின வாரமே தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, இரண்டு நாள் தைத்தார். "உன் வேலைக்கு என்னாலானது இதுதாம்மா" என்று சொல்லிக் கொண்டுவந்து போர்த்தினார். அதற்கப்புறம் அந்த உறையை எடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சிக்கலை அவிழ்த்தவள் எங்கள் மாடிப் போர்ஷன் பெண். கறிவேப்பிலை கேட்டு வந்தவள், வாசற்படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். "அக்கா, உங்க சிஸ்டத்துக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். விடியற்காலை கம்பெனி பஸ், நீலக் கோட்டு, மணிக்கட்டில் பட்டை, எதிரே பச்சைப் பலகைகள் நகர்ந்து வரும் வரிசை. குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். "ஆறு வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் இப்ப பால் புட்டி கழுவத்தான் உதவுதுக்கா" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உறையை மெதுவாக எடுத்தாள். பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுவத்தி கேட்டு வாங்கிக் கொளுத்தினாள். அத்தை, யந்திரத்துக்குத் திருஷ்டி கழிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டு கைகூப்பினார். அவள் வத்தியைப் பெட்டியின் முன்பக்கச் சல்லடைக்கு எட்ட நின்று காட்டினாள். புகை எங்கள் முகத்தில் அடித்தது. பின்பக்கம் காட்டினாள். அங்கேயும் புகை வெளியேதான் போயிற்று.

"பாத்தீங்களா? முன்னாலயும் வெளியே தள்ளுது, பின்னாலயும் வெளியே தள்ளுது. உள்ளே வர்றது எது?"

மெக்கானிக் முன் விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்! விசிறிச் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி இருக்கிறது. ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றது காற்றுப் போகும் திசை. அம்புக்குறி இல்லாவிட்டால் நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் உள்ள பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் காற்று அந்தப் பக்கமாக வெளியேறும்.

விசிறி குளிர்ச்சியை உண்டாக்காது, இருக்கிற காற்றை நகர்த்த மட்டுமே செய்யும் என்று அவள் சொன்னபோது, இத்தனை வருஷம் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்றிருந்தது. பெட்டிக்குள் தபால் தலை அளவே உள்ள சில்லு ஒன்று பழைய அறுபது வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு கக்குகிறது. அந்தச் சூடு மேலே உள்ள அலுமினியத் தகடு மடிப்புகளில் ஏறி, அங்கிருந்து காற்றில் ஏறி, அந்தக் காற்று பெட்டியை விட்டு வெளியே போக வேண்டும். போகாவிட்டால் சுட்ட காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். நூறு டிகிரியை நெருங்கினால் சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும்; அப்புறமும் ஆறவில்லையென்றால் அணைந்துவிடும். அதுதான் எங்கள் மூன்று மணி மயக்கம். பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு தெரியுமே, அந்த நேர் வழிதான் பெட்டிக்கும் வேண்டும். முன்னால் கீழே நுழைந்து, பின்னால் மேலே வெளியேறும் வழி. இவருடைய மேஜை விசிறி அந்த வழியைத்தான் கலைத்துவிட்டது.

பிளக்கைப் பிடுங்கி, ஸ்விட்சைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் தீர்த்துவிட்டு, பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுக்கொண்டுதான் உள்ளே கை வைத்தாள். உள்ளிருந்து வந்த பஞ்சைப் பார்த்தீர்களானால்! என் தலைமயிர், லாரிப் புழுதி, மெரூன் வெல்வெட் இழை எல்லாம் சேர்ந்து ஒரு சின்னத் தலையணைக்குக் காணும். பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளினாள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊதினாள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் கெட்டுப்போகுமாம். வாக்குவம் கிளீனர் கொண்டுவரட்டுமா என்றேன். "வேணாங்கா, அதுல நிலைமின்சாரம் வரும்." கரண்ட் வரும் டப்பாவை மட்டும் அவளும் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்குமாம்.

சில்லுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு பசை உண்டு. எங்களுடையது ஆறிப்போன தோசைக்கல்லில் காய்ந்த மாவு போல் பொருக்காகிக் கிடந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, புதிதாக ஒரு கடலைப் பருப்பு அளவு வைத்து அழுத்தினாள். நிறைய வைத்தால் நிறையக் குளிருமோ என்று நான் கேட்டதற்குச் சிரித்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் காற்று நின்று சூட்டைத் தடுக்காமல் நிரப்பத்தான் பசை. அதற்குமேல் அதுவே தடை. முன் விசிறிக்கு எதிரே தொங்கிய ஒயர்களைச் சேர்த்து ஓரமாகக் கட்டினாள். கட்டுவதற்கு வேறு எதுவும் அகப்படாமல் என் தலை ரிப்பன்தான். முன்பக்கத்தில் கொசுவலைத் துணி ஒரு துண்டு. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தூசி கண்ட இடுக்கிலும் நுழையாது, வலை வழியாகத்தான் வரும். வலையை வாரம் ஒரு தடவை அலசினால் போதும்.

பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மேஜை ஓரத்தில் வைத்தோம். உஷ்ணத்தைத் திரையிலேயே காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டாள். முன்பு 97 டிகிரி காட்டிய அதே வேலைக்கு இப்போது 76. அறையே முப்பத்தெட்டில் கொதிக்கும்போது அதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது?

பிறகு மரியாதைக்கு உறையைப் போட்டாள். அரை மணியில் 90. நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "திரை மினுக்குது அத்தை, அதனால..." என்று ஏதோ உளற ஆரம்பித்தேன்.

"ஏம்மா, உறைதானே?" என்றார் அத்தை. எழுந்து வந்து தாமே அதைக் கழற்றினார். "நம்ம ஊர் உடையவருக்குக் குளிர்காலத்துல வெந்நீர்த் திருமஞ்சனம் பண்ணி, கம்பளி போத்தறாங்க. அக்கினி நட்சத்திரத்துல யாராவது கம்பளி போத்துவாங்களா? அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லி, உறையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு சொன்னதை நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உள்ளே வர வழியில்லாம வெளியே தள்ளினா பிரயோஜனமில்லைன்னு. என் ரூமுல ராத்திரி பூரா ஓடுதே ஒரு ஃபேன், அதுவும் அப்படித்தானோ?"

எனக்குச் சுரீர் என்றது. அத்தையின் அறை கடைசியில், ஒரே ஜன்னல். அதற்கு எதிரே பக்கத்து வீட்டு மதில். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. உயரத்தில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி மாட்டிக் கொடுத்து, மகனும் மருமகளும் கடமை முடிந்தது என்று இருந்தோம். "கதவைத் திறந்து வைக்கக் கூடாதா, அத்தை?" என்றேன்.

"நீ ராத்திரி எழுதறப்ப என் இருமல் சத்தம் தொந்தரவா இருக்குமேன்னு சாத்திக்கறேன்" என்றார் சாதாரணமாக.

இரண்டு கோடைகள்! யந்திரத்துக்கு மயக்கம் வந்ததும் மெக்கானிக், எஞ்சினீயர் என்று ஓடினேன். அன்று மாலை ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். புகை எழும்பி, என் முகத்துக்கு நேரே தேங்கி நின்றது. விசிறி பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

மறு வாரம் தச்சர் வந்து, கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சாய்வுக் கட்டைகள் வைத்தார். ஜன்னலுக்கு வலை அடித்தோம். பெட்டி இருந்த அலமாரியில் இப்போது பையனின் புத்தகங்கள். மாடிப் பெண்ணை எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் கூப்பிட்டார்கள். பெட்டிக்கு இருநூறு ரூபாய் வாங்குகிறாள். முதல் தடவை வாங்கிய பணத்தில் நல்ல ஸ்குரூ டிரைவர் செட் ஒன்று வாங்கிக்கொண்டாள். கட்டுரைகள் நாள் தவறாமல் போகின்றன. ஆசிரியர் அந்த மயக்கத்தை மறந்துவிட்டாரோ என்னவோ, அனுமதி அப்படியே இருக்கிறது.

நேற்று மார்கழி முதல் நாள். விடிகாலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், அத்தை மெரூன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் நிற்கிறார்.

"பனி ஆரம்பிச்சிடுச்சேம்மா. போத்தட்டுமா?"