நெடுங்காட்டிலிருந்து வேவ் பூலுக்கு... கத்திரி வெயிலில் ஓர் அம்மாவும் மகனும்!

மே மாதத்தில் நெடுங்காட்டுப் பக்கம் போனால், வாய்க்காலில் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். காரைக்கால் மாவட்டத்தில் ஆற்றின் பெயர்களுக்குக் குறைவே இல்லை. அரசலாறு, திருமலைராஜனாறு, வாஞ்சியாறு, நூலாறு, நாட்டாறு, நண்டலாறு என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாமே காவிரியின் பிள்ளைகள். ஆனால், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களில் இவை பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும்.

காரணம் எளிமையானது. மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் கல்லணையைத் தொட்டு, பிரிந்து பிரிந்து கடைமடைக்கு வந்துசேர மேலும் பல நாட்கள் ஆகும். 2022-ல் மட்டும் அதிசயமாக மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கென ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி தண்ணீர், காரைக்கால் பகுதிக்கானதுதான். ஆனால் கணக்கில் உள்ள தண்ணீரில் பிள்ளைகள் குதிக்க முடியாதே! லீவு விடும்போது ஆற்றில் தண்ணீர் இருப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது.

அதனால்தான், பக்கத்துத் திருநள்ளாற்றுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டுப் போக, இந்த ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரில் ஆட வெளியூருக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

நெடுங்காட்டில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் ஓர் அம்மா, தன் ஒன்பது வயது மகனுடன் இந்தக் கோடையில் அப்படி ஏறிய ஒருவர். கணவர் வளைகுடாவில். “நல்ல மார்க் வாங்குனா தீம் பார்க்” என்று போன தீபாவளிக்குப் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார் அப்பா. அதை நிறைவேற்றும் பொறுப்பு அம்மாவுக்கு. மகன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லா ரைடின் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

அவன் கேட்டது, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் இருக்கும் வொண்டர்லாவை. கொச்சியிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புவனேஸ்வரிலும் பூங்கா நடத்தும் நிறுவனம், 2025 டிசம்பரில் சென்னைக்கு வந்தது. 64 ஏக்கர், 43 ரைடுகள், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. அந்த அம்மாவின் தலைமுறைக்கு தீம் பார்க் என்றால் வேறு. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த வி.ஜி.பி-யும், அங்கே எவ்வளவு சீண்டினாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரும்தான் அவருக்கு நினைவு. தாம்பரம் பக்கம் இருந்த கிஷ்கிந்தாவைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி.

திறந்தபோது அறிவித்த தொடக்கக் கட்டணம் 1,489 ரூபாய். “ஒரு டிக்கெட்டு பத்து ஜாக்கெட்டுங்க” என்று அவர் மனக்கணக்குப் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. அந்தக் கணக்கு வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. 85 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இலவசம். 140 வரை குழந்தைக் கட்டணம். ஆன்லைனில் முன்கூட்டி எடுத்தால் தள்ளுபடி உண்டு. கட்டணமும் நேரமும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், கிளம்புமுன் அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காரைக்காலில் பஸ் ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் தமிழ்நாடு. கடலூர் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. அப்புறம் மறுபடி தமிழ்நாடு. “நம்ம ஊரு ஏம்மா துண்டு துண்டா இருக்கு?” என்று மகன் கேட்டான். பிரெஞ்சுக்காரர்களில் ஆரம்பித்து விளக்க வேண்டிய கேள்வி. அம்மா, “வெள்ளக்காரன் பண்ணுன வேலடா தம்பி, தூங்கு” என்று முடித்துக்கொண்டார்.

முழுக்கச் சென்னைக்குள் போக வேண்டியதில்லை என்பது இந்த வழியில் இருக்கும் வசதி. மாமல்லபுரத்தில் இறங்கி, ஓ.எம்.ஆர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் திருப்போரூர். இவர்கள் அன்றே பூங்காவுக்குப் போகவில்லை. கேளம்பாக்கத்தில் அம்மாவின் தம்பி வீடு. ராத்திரி அங்கே தங்கல். இது புத்திசாலித்தனம். ஆறேழு மணி நேரம் கத்திரி வெயிலில் பஸ்ஸில் வந்த பிள்ளையை நேரே ரைடில் ஏற்றினால், பாதி நாள் வாந்தியிலேயே போய்விடும்.

துணி விஷயத்தில் அந்த அம்மா ஒரு படி மேலே போய்விட்டார். இதுபோன்ற பூங்காக்களில் தண்ணீர் ரைடுகளுக்குக் காட்டன் துணி அனுமதி இல்லை. நைலான், பாலியெஸ்டர் மாதிரி துணிதான் வேண்டும். தெரியாமல் போகிறவர்கள் அங்கேயே வாங்க வேண்டியிருக்கும். இவர் காரைக்கால் கடைத்தெருவில் லைக்ரா துணி எடுத்து, இரண்டு பேருக்கும் முழுக்கை பனியனும் பேன்டும் தானே தைத்துவிட்டார். முழுக்கை என்பதுதான் இதில் முக்கியம். தண்ணீருக்குள் இருக்கும்போது வெயில் உறைக்காது. ஆனால் தோள்பட்டையும் பிடரியும் கருகிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். அதேநேரம் நைலான் வியர்வையை உறிஞ்சாது. தண்ணீரை விட்டு வெளியே வந்து நீண்ட க்யூவில் நிற்கும்போது காட்டனுக்கு மாறிவிடுவதே நல்லது. இதற்காக ஒரு செட் தனியாகப் பையில் இருந்தது.

காலை பத்தரை மணி. உள்ளே நுழைந்ததும் மகன் தேடியது தஞ்சோராவை. இந்தப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர் அது. பெட்டி தண்டவாளத்துக்கு மேலே ஓடாமல் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். கால்கள் அந்தரத்தில் ஆடும். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம் செய்தது. பெயர் தஞ்சாவூரை நினைத்து வைத்தது. டெல்டாக்காரர்கள் 250 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து ஏறும் வண்டிக்குத் தஞ்சாவூர்ப் பெயர்!

ஆனால் பையன் ஏறவில்லை. அவன் உயரம் 131 சென்டிமீட்டர். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் 140 வேண்டும். கம்பத்தின் கீழே குதிகாலைத் தூக்கிப் பார்த்தான், முடியைத் தூக்கிச் சீவிப் பார்த்தான். ஒன்பது சென்டிமீட்டர், ஏமாற்றி எட்டும் தூரம் அல்ல. இது கெடுபிடி மாதிரி தெரியலாம். ஆனால் தோளை அழுத்திப் பிடிக்கும் அந்தப் பூட்டு, வளர்ந்த உடம்பின் அளவுக்குச் செய்யப்பட்டது. சின்ன உடம்பில் அது சரியாகப் பிடிக்காது. வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்துவிட்டு, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முன்பே சொல்லிவைத்தால் வாசலில் கண்ணீர் மிச்சம். வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை.

அழுத முகத்தோடு சின்ன ரைடுகளில் ஆரம்பித்தான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் அழுகை போய், தண்ணீர்ப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டான்.

தீம் பார்க்கின் நேரமும் வெயிலின் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் கோடையில் சிக்கல். மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியில் நிற்காதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கிறார்கள்; பூங்காவில் கூட்டம் அலைமோதுவது அதே மூன்று மணி நேரத்தில். கடலோரம் என்பதால் வெயில் அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இந்திய வானிலை ஆய்வு மையம் சமவெளியில் 40 டிகிரியை வெப்ப அலைக்கான தொடக்க அளவாக வைத்திருக்கும்போது, கடலோரத்துக்கு 37 என்றே வைத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. காரைக்கால்காரர்களுக்கு இந்தப் புழுக்கம் புதிதல்ல. ஆனால், ஊரில் அந்த நேரத்தில் யாரும் வெளியில் ஆடுவதில்லை, திண்ணையில் படுத்துக்கிடப்பார்கள்.

வேவ் பூலில் இறங்கியவனை ஒன்றரை மணி நேரம் வெளியே இழுக்க முடியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இருக்கிற பிள்ளைக்குத் தாகம் எடுக்குமா என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில், தண்ணீருக்குள்ளும் உடம்பு வியர்க்கும். நனைந்திருப்பதால் அது தெரியாது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு உடம்பு சீக்கிரம் சூடாகும். ஆட்டத்தில் இருக்கும் பிள்ளை தாகத்தை வாய்விட்டுச் சொல்லாது.

இரண்டரை மணி சுமாருக்கு வெளியே வந்தவன், “அம்மா, தல வலிக்குது” என்றான். கன்னம் சிவந்திருந்தது. வாங்கிவைத்த சாப்பாட்டைப் பார்த்ததும் குமட்டினான். ஒரு நிமிடம் முன்புவரை குதித்துக்கொண்டிருந்த பிள்ளை, சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மா பதறவில்லை. கடைமடைக்காரர், வயலில் நடவு நட்டவர்கள் வெயிலில் சுருள்வதைப் பார்த்து வளர்ந்தவர். நிழலில் படுக்கவைத்து, நைலான் சட்டையைக் கழற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். பையில் இருந்த ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தைக் கரைத்து, ஒரேயடியாகக் கொடுக்காமல் மடக்கு மடக்காகக் கொடுத்தார். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான் கணக்கு. கூல் டிரிங்க்ஸ் இதற்கு மாற்று அல்ல. முக்கால் மணி நேரத்தில் பையன் எழுந்து, “பசிக்குது” என்றான்.

அவன் எழுந்ததால் இது ஒரு சின்னச் சம்பவம். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, மயங்கினால் அது வேறு, உயிருக்கே ஆபத்து. பூங்காவின் முதலுதவி அறைக்கோ 108-க்கோ உடனே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே நுழையும்போதே முதலுதவி அறை எங்கே என்று கேட்டுவைத்துக்கொள்ளச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்கப்புறம் அந்த அம்மா ஒரு ஒழுங்கு வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து நாலு மடக்குத் தண்ணீர். அதைக் குடித்தால்தான் அடுத்த ஆட்டம். நாலு மணி வரை கூரைக்குக் கீழே இருக்கும் ஆட்டங்கள் மட்டும். காலையிலிருந்தே இப்படிச் செய்திருக்கலாம்தான். ஆனால் பத்து ஜாக்கெட் காசு கொடுத்து உள்ளே வந்த யாருக்கும் மத்தியானம் சும்மா உட்கார மனசு வராது. வெயிலில் பிள்ளைகள் சுருள்வதற்குச் சூரியனைவிட இந்த ‘கொடுத்த காசுக்கு எல்லாத்துலயும் ஏறிடணும்’ கணக்குதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

நாலரை மணிக்கு வெயில் சாய்ந்தது. கொதித்துக்கிடந்த தரை வெறுங்காலுக்கு இடம் கொடுத்தது. கடல் காற்று கிளம்பியது. அன்றைக்கு முழுக்க அவர்கள் செலவழித்த காசுக்கு உண்மையான பலன் கிடைத்தது அந்தக் கடைசி நேரத்தில்தான்.

மறுபடி வேவ் பூல். இந்த முறை மகன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தான். காலையிலிருந்து கரையில் பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர், லாக்கரில் பையைப் போட்டுவிட்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. அலை வந்தது. கண்ணை மூடி ஒரே முங்கு.

“சின்னப் புள்ளையில கொளத்துலதான் கெடப்போம். எங்கம்மா குச்சிய எடுத்துக்கிட்டு வந்தாதான் கரையேறுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் தல முங்கிக் குளிச்சதே இல்லங்க. பாத்ரூம்ல ரெண்டு வாளி, அவ்வளவுதான்” என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது.

மகனுக்கு ஆச்சரியம். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுத்தார். “காத விடு, தண்ணிக்குள்ள போவட்டும். வயித்த மேல தூக்கு. நா புடிச்சிருக்கேன்டா.” அவன் மூன்று முறை மூழ்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, நான்காவது முறை மிதந்தான். விசில் ஊதி எல்லோரையும் வெளியேறச் சொல்லும்வரை மிதந்தான்.

காரைக்கால் கடற்கரையில் இதைச் செய்ய முடியாது. சாயங்காலக் காற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம், காசு செலவில்லை. ஆனால் அந்தக் கடல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கும் கடல் அல்ல. ஊர்க் குளங்களோ பல இடங்களில் தூர்ந்தும் பாசி படிந்தும் கிடக்கின்றன.

மறுநாள் பஸ்ஸில் தரங்கம்பாடி வரும்வரை மகன் தூங்கினான். நண்டலாற்றுப் பாலத்தில் விழித்துக் கீழே எட்டிப் பார்த்தான்.

“இதுல எப்பம்மா தண்ணி வரும்?”

“ஜூனு கடைசியில.”

“அப்ப ஸ்கூல் தொறந்துடுமே!”

“ஞாயித்துக்கெழம இருக்குல்ல?” என்றார் அம்மா. “மாமா வரட்டும். இடுப்பளவு தண்ணியில மட்டுந்தான். நானும் வருவேன்.”

வீட்டுக்கு வந்ததும் நிலைக்கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 131 என்று எழுதினான். இந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்வார்கள். தஞ்சோராவுக்கு இன்னும் இரண்டு கோடைகளாவது ஆகும்.