வெள்ளை ஈக்குள்ளே ஒரு குடித்தனம்

காங்கேயம் பக்கம் வந்தீங்கன்னா களத்துக்குக் களம் தேங்காய்ப் பருப்பு காயறதைப் பார்க்கலாம். அந்தத் தென்னைக்கு இப்போ பெரிய தொந்தரவு, சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்டது. இன்னைக்கு எங்க தோப்பிலும் இருக்குதுங்க.

ஓலைக்கு அடியில் ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுது. அந்தச் சாறில் சர்க்கரை ஏராளம். உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்கள் ரொம்பக் கம்மி. அப்புறம் எப்படி இத்தனை பெருகுது? ஈயின் உடம்புக்குள்ளே போர்ட்டியெரா என்ற பாக்டீரியா குடியிருக்குது. குறையற அமினோ அமிலங்களைச் செஞ்சு கொடுக்கறது அதுதான். தாய் ஈ முட்டையோடு சேர்த்தே அதைக் குஞ்சுக்குக் கொடுத்துடும். ஈயை விட்டா அதுக்குப் பிழைப்பில்லை. அது இல்லாட்டி ஈக்கும் பிழைப்பில்லை.

மிஞ்சின சர்க்கரையை ஈ தேன் மாதிரிக் கழிக்குது. அதுமேல பூசணம் படர்ந்துதான் அடிமட்டை ஓலையெல்லாம் கரி பூசினாப்பல ஆகுது.

"மருந்தடிச்சா என்ன?"ன்னு டவுன்ல இருந்து வர்றவங்க கேட்கறாங்க. ஈக்கு உள்ளே ஒரு துணை இருக்கற மாதிரி, நமக்கு வெளியே ஒரு துணை உண்டுங்க: என்கார்சியா என்ற பொடிக் குளவி. வெள்ளை ஈக்குஞ்சில் முட்டை வைக்கும். குளவிப்புழு அந்தக் குஞ்சையே தின்னு வளரும். விஷம் அடிச்சா அதுவும் செத்துப்போகும். அதனால தண்ணியைத்தான் ஓலையில் வேகமாப் பீய்ச்சறோம், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டறோம்.

மரம் கறுத்து நிற்கறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கறது லேசில்லைங்க. ஓலையைத் திருப்பி, குஞ்சுக்கூட்டில் வட்டமா ஓட்டை இருக்குதான்னு பார்க்கறேன். இருந்தா, குளவி வெளியே வந்த வழி அது. அந்த ஓட்டைதான் எங்களுக்குத் தெம்பு.