மாவ்ஷி

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஐம்பது வருஷம் குடியிருந்தும் அம்மாவுக்கு நாலு வார்த்தைக்கு மேல் இந்தி வரவில்லை. அக்கம்பக்கம் எல்லாம் திருநெல்வேலிக்காரர்கள், தேவையும் இருக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து மாநகராட்சி மருத்துவமனையின் பெண்கள் வார்டில் படுத்தபோது மராத்தியில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டாள்: மாவ்ஷி.

அம்மாவின் உடன்பிறந்தவள் என்று அர்த்தம். நமக்குச் சித்தியோ பெரியம்மாவோ. மும்பையின் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஆயாவை இப்படித்தான் கூப்பிடுவார்கள். வார்டுபாய்க்கு மாமா, அது நமக்கும் மாமாதான். டாக்டரும் நர்ஸும் கூப்பிடுவது அப்படித்தான். எழுபத்திரண்டு வயது அம்மாவும் நாற்பது வயதுப் பெண்ணை அப்படியே கூப்பிட்டாள்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருந்த எனக்குக் காரணம் புரியவில்லை. நைட் ட்யூட்டிக்கு வந்த மாவ்ஷிக்குப் புரிந்தது. பெட்பேனுக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு தாகத்தை அடக்குகிறாள். மாவ்ஷி அந்த எவர்சில்வர் பாத்திரத்தை வெந்நீர் விட்டு அலசித் துடைத்து, சில்லிப்பு போன பிறகு கொண்டுவந்தாள். திரையை இழுத்துவிட்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அம்மா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அடியில் விரித்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து, உடம்பு முறுக்காமல் ஒரே அசைவில் திருப்புவார்கள். நான் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தேன். அம்மா வலியில் கத்திவிட்டாள். மாவ்ஷியும் மாமாவும் பிடித்தபோது சத்தமே இல்லை. மூன்றாம் நாள் உடம்பு துடைக்கும்போது முதுகின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பைக் கண்டவளும் மாவ்ஷிதான். விரலால் அழுத்தி எடுத்தாள். சிவப்பு வெளுக்கவில்லை. உடனே சிஸ்டரைக் கூப்பிட்டாள். படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. சாயங்காலத்துக்குள் ஏர் பெட் வந்தது. கேஸ் பேப்பரில் ஏர் பெட் என்று எழுதினார்கள். முதலில் பார்த்தவள் யார் என்று எழுத அதில் இடமில்லை.

பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் அருணா ஷான்பாக்கை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே நர்ஸாக இருந்தவர். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவன் தாக்கியதில் நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், கே.இ.எம். செவிலியர்களும் ஊழியர்களும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று மருத்துவமனை சொன்னது. முன்பு அதை ஒரு செய்தியாகத்தான் படித்திருந்தேன். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்த பிறகு கணக்குப் போட்டேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்றால் நாளைக்குப் பன்னிரண்டு தரம், அப்படி 41 வருஷம். எத்தனை ஜோடிக் கைகள் அந்த உடம்பைப் புரட்டியிருக்க வேண்டும்!

அந்தக் கைகளையும் அரசு ஒருதரம் சமமாக எண்ணியது. 2020 மார்ச் 26 அன்று கொரோனாப் பணியாளர்களுக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தபோது, துப்புரவுப் பணியாளரும் வார்டுபாயும் டாக்டரோடு ஒரே பட்டியலில் இருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதே தொகை. உயிருக்கு அப்படி ஒரே விலை போட முடிந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. மாதச் சம்பளத்தில் கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த நியாயம் இன்னும் கிடைக்கவில்லை என்பதில் வருத்தமும் கோபமும் உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று அம்மாவை வீல்சேரில் கீழே இறக்கி டாக்ஸியில் உட்காரவைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அந்தப் பிள்ள பேரு என்ன?" என்றாள். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. டிரைவரை நிற்கச் சொல்லிவிட்டு மாடியேறினேன். ட்யூட்டி மாறியிருந்தது. வார்டு வாசலில் நின்று "மாவ்ஷி" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இல்லை.