அழுகாத புழு

தூண்டில்முள்ளில் கோத்த மண்புழுவிற்கு ஆயுள் குறைவு. வெயிலில் வாடும், நீரில் ஊறி வெளுக்கும், சிறுமீன்கள் கொத்தித் தின்றுவிட, முள் மட்டுமே மிஞ்சும். வாடாத, அழுகாத புழு ஒன்று கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மீன்பிடிப்போர் நெடுங்காலம் ஏங்கியதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டயர் ஆலைகளால் பெயர்பெற்ற ஆக்ரன் நகரில் வாழ்ந்தவர் நிக் கிரீம். அவரும் அவர்தம் மனைவி காஸ்மாவும் 1949ஆம் ஆண்டில் வீட்டு அடுப்பிலேயே அவ்வேக்கத்திற்கு விடைதேடினர். ரப்பர்ப் புழுக்கள் அதற்கு முன்பும் இருந்தன. பார்வைக்கு அவை புழு, தொட்டால் கயிறு! மீனோ கண்ணை மட்டும் நம்பி இரைதேடுவதில்லை. உடலின் இருபுறமும் நீளும் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்கிறது. கவ்விய பொருள் விறைப்பாக இருப்பின் நொடியில் உமிழ்ந்துவிடுகிறது. எனவே, உருவத்தைப் படியெடுப்பது எளிய வேலை. மென்மையைப் படியெடுப்பதே கடினம்.

உண்மையான மண்புழுவைக் கொண்டே அச்செடுத்த அவ்விணையர், வினைல் நெகிழியையும் எண்ணெய்களையும் நிறமிகளையும் வெவ்வேறு அளவுகளில் கலந்து காய்ச்சிப் பார்த்தனர். அவர்கள் வகுத்த வழியை ஒட்டியே இன்றும் பலர் வீட்டில் செயற்கை இரை வார்க்கின்றனர். பாலிவினைல் குளோரைடின் நுண்பொடியை, அதற்கு இளக்கம் தரும் திரவத்தில் கலந்தால் பால்போன்ற குழம்பு கிடைக்கும். பிளாஸ்டிசால் என்பது அதன் பெயர். சூடேற, அது கூழாகத் திரண்டு துடுப்பில் ஒட்டும். கெட்டுவிட்டது என்று புதியவர் கொட்டிவிட நினைப்பது இந்நிலையில்தான். பொறுத்திருந்தால், ஏறத்தாழ 175 பாகை செல்சியசில் கூழ் மீண்டும் இளகித் தேன்போல் தெளியும். நிறமி சேர்த்து அச்சில் வார்த்தால் சில நிமிடங்களில் ஆறி இறுகும்.

அச்சு பெரும்பாலும் பாரிஸ் சாந்தால் ஆனது. இப்போது சிலிகோன் அச்சுகளும் உண்டு. சாந்தின் நுண்துளைகளைப் பசையோ பிசினோ பூசி அடைக்காவிட்டால் புழுவின் மேனி சொரசொரப்பாகும். ஈரம் சிறிதும் ஆகாது. அச்சில் தங்கிய ஒரு துளி நீர், கொதிக்கும் குழம்பு பட்டதும் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். வெப்பம் மிகுந்தால் குழம்பு கருகி, ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை எழும். அது மூச்சுக்குழலை அரிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம் ஆகிய மூன்றும் இன்றி இதில் இறங்குவது துணிவன்று, மடமை.

1951ஆம் ஆண்டில் கிரீம் இணையர் தம் புழுக்களை அஞ்சல்வழி விற்கத் தொடங்கினர். பின்னர் அத்தொழில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகருக்குப் பெயர்ந்தது. அம்மாநிலத்தின் நீர்த்தேக்கங்கள் பலவற்றில் மரங்கள் வெட்டப்படாமலேயே மூழ்கிக் கிடந்தன. அவற்றிடையே பதுங்கும் பாஸ் என்னும் பெருவாய் மீனைப் பிடிக்க முயன்றால் முள் கிளைகளில் சிக்கும். மீன்பிடிப்போர் முள்ளின் கூரிய நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து வீசினர். புழு கிளைகளிடையே வழுக்கிச் சென்றது. மீன் கவ்வி, தூண்டிலை இழுத்தபோது மட்டுமே முனை வெளிப்பட்டது. மென்மையான உடல் இருந்ததால்தான் இவ்வுத்தி கைகூடியது.

ஆனால், அழுகாத புழு உண்மையிலேயே அழுகுவதில்லை. மீன் கடித்து இழுக்கும்போது அறுந்துவிழும் துண்டுகள் ஏரியின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றையும் மீன்கள் இரையென்று விழுங்குகின்றன; வயிற்றில் அவை செரிப்பதில்லை. அவற்றிலுள்ள இளக்கத் திரவமும் சிறிது சிறிதாகக் கசிகிறது. கடின நெகிழிப் பெட்டியில் இப்புழுக்களைப் போட்டுவைத்தால் சில வேளைகளில் பெட்டியே இளகி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தவர்க்கு அக்கசிவின் வலிமை விளங்கும். விரும்பிக் கேட்ட பண்பே வினையாய் வந்து நிற்கிறது. மட்கும் பொருள்களால் ஆன இரைகளும் விற்பனையில் உள்ளன. எனினும் அவற்றுட் சில திறந்துவைத்தால் காய்ந்து சுருங்குகின்றன. மண்புழுவின் பழைய குறை அவற்றிடம் திரும்பிவிட்டது.

வீட்டில் வார்ப்போர் சிலர், அறுந்த புழுக்களைக் குப்பையில் எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைக்கின்றனர். இந்நெகிழியை மீண்டும் உருக்கலாம். சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஒரே கலத்தில் உருகுவதால் புதிய வார்ப்பு பெரும்பாலும் மங்கிய பழுப்பாகவே வரும். மீன்கள் அதையும் கவ்வுகின்றன.