கலப்பு கட்டாயம், விலை?

எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளம் போடும் விவசாயி, எத்தனால் விஷயத்தில் விற்பவரும் ஆவார், வாங்குபவரும் ஆவார். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடிக்கிறார்கள். அது கலந்த பெட்ரோலைத்தான் அவர் தன் பழைய பைக்குக்கும் விசைத்தெளிப்பானுக்கும் ஊற்றுகிறார்.

கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்காக, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை மத்திய அரசு 2030-க்குக் காத்திராமல் 2025-லேயே எட்டிவிட்டது. கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

எத்தனாலில் எரிசக்தி குறைவு. பழைய வண்டியில் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதை அரசும் மறுக்கவில்லை. தூத்துக்குடிக் கரையோரத்து ஈரக்காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் மருந்து தெளித்து முடித்ததும் தெளிப்பானின் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

மக்காச்சோளத்துக்கு விலை கிடைத்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். 2025-26-க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று எந்த வியாபாரிக்கும் கட்டாயம் இல்லை. 2025 நவம்பரில் கர்நாடகத்தின் கதக், ஹாவேரிப் பகுதி விவசாயிகள் இந்த விலைக்காகத்தான் போராட வேண்டியிருந்தது.

வேறு பெட்ரோல் கிடையாது என்று பங்கில் சொல்ல முடிகிற அரசுக்கு, இதற்குக் கீழே விலை கிடையாது என்று சந்தையிலும் சொல்ல முடியும். அதைச் சொல்லும்வரை, இந்தக் கட்டாயத்தை எதிர்ப்பவரை விவசாயிக்கு எதிரி என்பது நியாயமில்லை.