கரிசலில் புதைத்த ஒயர்

வெள்ளி

புல்தரைக்குத் தண்ணீர் விடும் வால்வுகளுக்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டது. புது ஒயர் புதைக்கத் தோண்ட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையே 811-க்குச் சொல்லியிருந்தேன். அமெரிக்காவில் மண்ணைத் தோண்டுமுன் அழைக்க வேண்டிய எண் இது, காசு கிடையாது. இன்று புல்தரையில் கொடி நட்டிருக்கிறார்கள். சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தொலைபேசி, மஞ்சள் கேஸ். நான் போட்டிருந்த தடத்தை ஒட்டியே மஞ்சள் கொடிகள். மூன்றடி தள்ளி வேறு தடம் போட்டேன்.

சனி

ஒரு அடி ஆழம், எண்பது அடி நீளம். மண் மண்வெட்டியை விடமாட்டேன் என்கிறது. டாலஸ் பக்கத்து மண்ணும் எங்கள் கோவில்பட்டி மண்ணும் ஒரே சாதி: கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பழைய ஒயர் அறுந்தது அதனால்தான். விறைப்பாக இழுத்துப் போட்டிருந்தார்கள்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். ஆயுசெல்லாம் கரிசலில் உழுதவர். "மண்ணு இழுக்கும்டா. தொய்வா விடு" என்றார். வால்வுப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒயரை ஒரு குழாயில் சுற்றி உருவி, சுருளாக விட்டேன்.

ஏழு இழை கேபிள். ஐந்து வால்வுக்கு ஐந்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக வெள்ளை ஒன்று. மிச்சம் ஒன்று, பின்னால் ஏதாவது அறுந்தால் உதவும்.

ஞாயிறு

இன்று முழுக்க இணைப்பு வேலை. பழைய இணைப்பின் டேப்பைப் பிரித்தேன். செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று டேப்போடு விட்டுவிடுகிறார்கள். ஆளை அடிக்காது, உண்மை. ஆனால் ஈரம் செம்பைத் தின்றுவிடும். அரை அங்குலம் உறை சீவி, இழைகளைச் சேர்த்து முறுக்கி, கிரீஸ் நிறைந்த மூடிக்குள் திணித்தேன். கிரீஸ் வாய்வரை பிதுங்கி வந்தது. அப்படி வந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது.

மூடுமுன், வால்வுகளை இயக்கும் கன்ட்ரோலர் முனையில் மீட்டர் வைத்தேன். வால்வைத் திறக்கும் மின்சுருளான சோலனாய்டு 20 முதல் 60 ஓம் வரை காட்டினால் நல்லது. நான்கு வால்வுகள் 40-ஐ ஒட்டிக் காட்டின. மூன்றாவது ஒன்றுமே காட்டவில்லை. அந்த மூடியைப் பிரித்தால், வெள்ளை ஒயர் முறுக்கில் சேராமல் நழுவியிருந்தது. திரும்ப முறுக்கினேன்: 41.

அப்புறம்தான் மண் தள்ளினேன். எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் ஒயர் போகிறது என்று வரைந்து கன்ட்ரோலர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு இந்த வீட்டுக்கு வருகிறவர் மண்வெட்டி எடுக்குமுன் அதைப் பார்க்கட்டும்.