பலா மரமும் பி.பி. மாத்திரையும்

முப்பத்து மூன்று வயதில் எனக்கு பி.பி. வந்தது. 'நூற்றைம்பதுக்கு நூறு' என்று டாக்டர் சொன்னபோது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

"சிகரெட் உண்டா?"

"இல்லை டாக்டர்."

"தண்ணி?"

"மோரே அளவோடுதான்."

"அப்புறம் என்னய்யா டென்ஷன் உனக்கு?"

"ஒரு பலா மரம் டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு வேளை மாத்திரையை இரண்டு வேளையாக மாற்றி எழுதினார்.

விஷயம் இதுதான். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், செம்மண்ணும் முந்திரியும் மாறி மாறி வரும். அந்த வழியில்தான் எங்கள் காடாம்புலியூர். தாத்தாவுக்கு அங்கே கொஞ்சம் முந்திரிக்காடு. நடுவில் ஒரே ஒரு பலா மரம். தாத்தா போகும்போது நிலத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். மரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார். அது வரப்பு மேலேயே நின்றது!

வேர் எங்க பக்கம் என்றார் சித்தப்பா. கிளை எங்க பக்கம் என்றேன் நான். (அப்பா எதுவும் சொல்லவில்லை. கவனியுங்கள். இது பின்னால் தேவைப்படும்.) 2000-ல் வாய்ச் சண்டை, 2001-ல் கேஸ். 'நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கப்பா, மத்ததை நான் பார்த்துக்கறேன்' என்று படித்த பிள்ளையாக லட்சணமாக அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவன் நான்தான். வருஷத்துக்கு ஐம்பது, அறுபது பழம் காய்க்கிற மரம். வக்கீல் ஃபீஸைக் கணக்குப் போட்டால் ஒரு சுளை எண்பது ரூபாய்க்கு அடக்கமானது!

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சர்ச். எங்கள் ஊர் சர்ச் ரொம்பச் சின்னது. முன்வரிசையில் நாங்கள் உட்கார்ந்தால் அவர்கள் கடைசி வரிசை. அவர்கள் முன்னால் வந்துவிட்டால் நாங்கள் வாசற்படி. பத்து வருஷம் இப்படியே ஓடியது. ஒரே பாட்டை ஒரே ராகத்தில் பாடுவோம். முகத்தை மட்டும் பார்க்க மாட்டோம்.

எனக்கு வேலை நெய்வேலிப் பக்கம் ஒரு ஆபீஸில், கிளார்க். பகலில் ஃபைல், ராத்திரியில் கேஸ். இரண்டு மணிக்கு முழிப்பு வரும். சித்தப்பா ஒரு கேள்வி கேட்பார், நான் பதில் சொல்லுவேன், அவர் மடக்குவார், நான் திருப்பி மடக்குவேன். எல்லாம் என் மண்டைக்குள்ளேதான். அவர் பாட்டுக்கு அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மன அமைதிக்காக நான் செய்யாதது இல்லை. யோகா கிளாஸ் போனேன். சவாசனத்தில் எல்லோரும் அசையாமல் படுத்திருக்க, நான் மட்டும் வாய்தா தேதியை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். கல் வைத்த மோதிரம் போட்டேன். கிறிஸ்தவன் ராசிக்கல் போடலாமா என்று கேட்காதீர்கள். தூக்கம் வராதவனிடம் தத்துவம் பேசக்கூடாது. சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவன்தான் நான். ஆனால் அது ரேஷன் கார்டு மாதிரி. பேர் இருந்தது, சரக்கு வாங்கினதில்லை.

அப்பா மட்டும் காலை நாலு மணிக்கு எழுந்துகொள்வார். பின்கட்டில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பைபிள் வாசிப்பார். அப்புறம் முழங்காலில் நிற்பார். அரை மணி நேரம். எழுந்து வரும்போது முகம், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும். 'பொறுப்பு இல்லாத மனுஷர், அதான் கவலை இல்லை' என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் 'தானே' வந்தது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே விடியற்காலையில் கரை ஏறிய அந்தப் புயலை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மணிக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று. கதவுக்குப் பின்னால் நானும் அப்பாவும் முதுகைக் கொடுத்து நின்றோம். காலையில் கதவைத் திறந்தால் ஊரே வெளிச்சமாக இருந்தது. ஏன் இவ்வளவு வெளிச்சம் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. நிழல் கொடுத்த மரம் ஒன்றுகூட நிற்கவில்லை.

முந்திரி என்றால் எங்களுக்கு மரம் மட்டும் கிடையாது. கல்யாணச் செலவு, காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி பில் எல்லாம் அதுதான். முப்பது வருஷ மரங்கள் வேரோடு சாய்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அம்மா வாசலில் உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதாள். ஊரில் மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. ஊருக்கெல்லாம் கரெண்ட் அனுப்புகிற நெய்வேலி கூப்பிடு தூரத்தில். எங்களுக்கு நாள் கணக்கில் மெழுகுவர்த்தி!

அந்தப் பலா மரம்? அதுவும் விழுந்தது. எப்படித் தெரியுமா? வரப்புக்குக் குறுக்கே. பாதி எங்க பக்கம், பாதி அவங்க பக்கம். பத்து வருஷமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த தீர்ப்பை ஒரே ராத்திரியில் காற்று கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் டிசம்பர் 31. வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை. கூரையில் நாலு ஷீட் பறந்துபோய், மேலே நட்சத்திரம் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போதகர் பேசினார். படகில் போகும்போது கடலில் புயல் வந்த கதைதான். சீஷர்கள் அலறுகிறார்கள், இயேசு படகின் பின்பக்கத்தில் தூங்குகிறார். "தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு ஒருவர்தான் எழுதியிருக்கிறார்" என்றார் போதகர். எனக்கு அது சுருக்கென்றது. எல்லோருக்கும் அதே படகு, அதே புயல். அவருக்கு மட்டும் தலையணை! பத்து வருஷமாகத் தலையணையைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்து நற்கருணை. வரிசையில் நின்றோம். எங்களுக்கு நாலு ஆள் முன்னால் சித்தப்பா. அப்பா திடீரென்று வரிசையை விட்டு விலகி, நேராக அவரிடம் போனார்.

"தம்பி... உன் வீட்டுக் கூரை போயிடுச்சாமே. பிள்ளைங்க எங்கே படுக்குது?"

அவ்வளவுதான் கேட்டார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அறுபத்தைந்து வயசு மனுஷர், அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேஸ் நமக்குச் சாதகமாகப் போகிற நேரத்தில் இதென்ன சென்டிமென்ட்! மனஸ்தாபத்தோடு காணிக்கை கொண்டு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனைப் பார் என்று இயேசு சொன்னது மத்தேயுவில் இருக்கிறது. நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது யாருக்கோ சொன்னது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரியும் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. பக்கத்தில் அப்பா. முந்திரி போச்சு, பலா போச்சு, கூட்டுறவுக் கடன் அப்படியே இருக்கிறது. மனுஷர் குறட்டை விடுகிறார்! எனக்குப் பொறாமையில் அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, அரிவாளோடு காட்டுக்குப் போனேன். சித்தப்பா அங்கே முன்னாலேயே வந்திருந்தார். கையில் அறுப்பு ரம்பம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து இரண்டு ஆள் இழுக்கிற ரம்பம். அவர் பிள்ளைகள் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடியை அவர் பிடித்திருந்தார். இன்னொன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நின்றேன். பேசவில்லை. போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்தேன்.

அந்த ரம்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒருத்தர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ரம்பம் நகராது. எங்களுக்கு அது பிடிபடவே பத்து நிமிஷம் ஆனது. ஒரு மணி நேரம் அறுத்தோம். பத்து வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தண்ணி இருக்காடா?"

நான் பாட்டிலை நீட்டினேன். நீட்டும்போது கை நடுங்கியது. "சித்தப்பா, கேஸ் போட்டது அப்பா இல்லை. நான்தான்" என்றேன். "தெரியும்டா" என்றார். "அண்ணன் கையெழுத்தைத்தான் எனக்குத் தெரியுமே. மனசில்லாம போட்ட கையெழுத்து அது."

அன்றைக்கு ராத்திரி எட்டரைக்குப் படுத்தவன், காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

நம் தமிழில் 'அமைதி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. 'சமாதானம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. தமிழ் பைபிள் அதிகம் பேசுவது சமாதானத்தைப் பற்றி. அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சண்டை போட்ட இரண்டு பேர் 'சமாதானம் ஆயிட்டாங்க' என்று சொல்கிறோமே, அதே சமாதானம்தான். நான் பத்து வருஷமாக அமைதியைத் தேடி அலைந்தேன். சமாதானம் ஆகாதவனுக்கு அமைதி எங்கிருந்து வரும்? முதலில் கடவுளோடு, அப்புறம் சித்தப்பாவோடு. முழங்காலில் நின்று, 'தப்பு என்னுடையது' என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்துக்கு வர பத்து வருஷம் ஆனது.

கதை இதோடு சுபம் என்று நினைத்தால், இல்லை சார்! மூன்றாம் வாரம் ஆபீஸில் ஒரு மெமோ. மறுபடி இரண்டு மணிக் கச்சேரி. இது என்னடா, வாரண்டி இல்லாத சாமானா என்று அப்பாவிடம் போய் நின்றேன்.

"நான் மட்டும் என்ன, தினமும் நாலு மணிக்குப் போய் இறக்கி வைக்கிறேன். மறுநாளைக்குள்ள மறுபடி ஊறிடுது. மறுபடி இறக்கி வைக்கிறேன்" என்றார்.

சுரங்கத்தில் வேலை பார்க்கிற பஸ் நண்பர் ஒருவர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது, அதுதான் நிலக்கரி, 1956-ல் கம்பெனி வந்தது. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது, அந்தக் கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா இல்லை, மேல்நோக்கி முட்டிக்கொண்டு, பயங்கர அழுத்தத்தில். சுற்றிலும் குழாய்க் கிணறு போட்டு, ராத்திரி பகலாக பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்து சுரங்கமே மூழ்கிவிடும். "நேத்து நல்லா இறைச்சுட்டோம், இன்னிக்கு லீவு விடலாம்னு சொல்ல முடியாது சார்" என்றார் அவர்.

அப்பாவின் நாலு மணி, அந்த பம்ப்!

எங்கள் ஹெட் கிளார்க் வடலூர்க்காரர், வள்ளலார் பக்தர். இதை அவரிடம் சொன்னேன். "சரிதான்பா. எங்க தருமச்சாலை அடுப்பு 1867-லிருந்து அணையாம எரியுது. அது தானா எரியலை. தினமும் ஒருத்தன் விறகு வைக்கிறான்" என்றார்.

2016-ல் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். அவருக்கு வாசித்துக் காட்ட சர்ச்சிலிருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்தேன். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு அமைத்தவர். 1931 அக்டோபரில் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கைதான். வலி விடவில்லை. அங்கிருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்த அறைக்குப் பெயர், 'சமாதான அறை'. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட அந்தத் தாய்ப் பெயரை மட்டும் பொறித்தார்கள்.

இதைக் கேட்டதும் அப்பா, பாதி வாயால் சிரித்தார். எங்கள் பின்கட்டைக் கண்ணால் காட்டினார். அவரை அங்கேதான் படுக்க வைத்திருந்தோம். நாலு மணிக்கு அவரால் முழங்காலில் நிற்க முடியாது. அதனால் நான் நின்றேன். முதலில் அவருக்காக. மூன்று வருஷம் கழித்து அவர் போனபிறகு, எனக்காக.

இப்போதும் கோபம் வருகிறது. மெமோவும் வருகிறது. பி.பி. மாத்திரை ஒரு வேளைக்கு இறங்கியிருக்கிறது, நிறுத்தவில்லை. ஜெபம் பண்ணுகிறேன் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது விசுவாசம் இல்லை, வீம்பு! புயலுக்குப் பிறகு வைத்த ஒட்டு முந்திரி காய்க்கிறது. பலா மரத்தை விற்கவில்லை. வீணை செய்ய, மிருதங்கம் செய்ய என்று வியாபாரிகள் கேட்டார்கள். அறுத்து சர்ச்சுக்கு ஒரு மேஜை செய்து கொடுத்துவிட்டோம். காணிக்கைத் தட்டு அதன்மேல்தான் இருக்கிறது. யார் பக்கத்துப் பலகை எது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது.

சித்தப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. இப்போது சர்ச்சில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிறார். தலை மெல்ல என் தோளில் சாய்கிறது.

நான் அசைவதில்லை. தலையணை அசையக் கூடாதில்லையா?